பித்தளை வாத்தியங்களும் அவற்றின் வேற்றுமையும்

விழா நாள்களிலே நம் கல்லூரிப் பாண்டு வாத்தியக் குழுவினர் நாவலப்பிட்டிக் கடைவீதி வழியே அணிவகுத்துச் செல்லும்போது, இருமருங்கும் நின்று பார்ப்போர் மேளத்தையும் கைத்தாளத்தையும் இனங்கண்டு பெயர் சொல்லுவர். ஊதுங் கருவிகளின் வரிசை வந்ததும் பெயர்கள் நின்றுவிடும். பளபளவென மின்னுபவை எல்லாம் 'ட்றம்பெற்' என்பதே பெரும்பாலோர் கொள்கை. நாமும் மாணவராயிருந்த காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். சிறியது, பெரியது, நீண்டது, வளைந்தது என்பதற்கு மேல் அவற்றினிடையே வேறுபாடு உண்டென்பதை அறிந்தோமில்லை.

இவ்வறியாமை வெறும் பெயர்க்குறையோடு நிற்பதன்று. நாம் அறிந்த மாணவர் ஒருவருக்கு, பாடசாலையொன்றிலே எஞ்சியிருந்த கருவி அதுவே என்ற காரணத்தால் ஒரு ட்றம்பெற் கொடுக்கப்பட்டது. ஓராண்டு முயன்றும் மேற்சுரங்கள் அவருக்கு எட்டவில்லை. 'உனக்குச் சங்கீதம் வாராது' என்று குழுவினின்றும் விலக்கப்பட்டார். பல்லாண்டு கழிந்து, வேறோர் ஊரில், தற்செயலாக ஒரு யூபோனியத்தைக் கையில் எடுத்தார். இரண்டு மாதத்தில் கேட்டோர் உருகும்படி வாசித்தார். சங்கீதம் அவரிடம் தொடக்கத்திலேயே இருந்தது, கருவிதான் மாறியிருந்தது. கருவிக்குக் கருவி உள்ள வேற்றுமையை அறிந்தார் ஒருவர் அன்று அருகில் இருந்திருப்பின், அவருடைய இளமையின் சில ஆண்டுகள் வீணாகியிரா. இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது அந்நிகழ்ச்சியே.

அதிர்வது எது?

நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்தனர். மிடற்றையும் உடன் சேர்த்து ஐந்தென எண்ணுவாரும் உளர். வெண்கலத்தாலாய தாளம் கஞ்சக்கருவியாகும். அங்ஙனமாயின் பித்தளையாலாய ட்றம்பெற்றும் கஞ்சக்கருவியோ எனின், அன்று. தாளத்தில் அதிர்ந்து ஒலிப்பது உலோகமே. ட்றம்பெற்றில் ஒலிப்பதோ குழாயினுள்ளே அடைபட்டிருக்கும் வளியாகும். ஆதலின் அது துளைக்கருவி. எதனால் ஆயது என்று கேளாது, எது ஒலிக்கிறது என்று கேட்பதே இக்கருவிகளை அறிதற்குத் திறவுகோல்.

துளைக்கருவிகளுள்ளும் வளியை அதிரச் செய்யும் வழி மூன்றுண்டு. புல்லாங்குழலிலே துளையின் விளிம்பில் மோதும் காற்று அதிர்வை எழுப்புகிறது. நாதசுரத்திலே சீவாளி அதிர்கிறது. கண்டிப் பெரஹராவில் நாம் கேட்கும் ஹொரணையும் இரட்டை நாக்குடைய கருவியே. ஆகவே அதன் வாய் பித்தளையாயினும் அது நாதசுரத்தின் சுற்றம். மூன்றாவது வகையிலோ சீவாளியும் இல்லை, நாக்கும் இல்லை. ஊதுவோனுடைய உதடுகளே நாக்காகி அதிர்கின்றன. மேலைநாட்டார் 'பித்தளை வாத்தியம்' என்று வழங்கும் குடும்பம் இந்த மூன்றாவது வகையாகும்.

இதனை மனத்திற் கொண்டால் இரண்டு மயக்கங்கள் ஒழியும். சக்ஸபோன் முழுதும் பித்தளையாயினும் அதில் அதிர்வது நாணல் நாக்கு. எனவே அது இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அடோல்வ் சக்ஸ் என்னும் பெல்ஜியர் 1846ஆம் ஆண்டிலே பரீஸ் நகரில் உரிமை பெற்ற அக்கருவியில், கத்ரி கோபால்நாத் (1949–2019) கருநாடக இசையை வாசித்துப் புகழ்பெற்றதை நம்மவர் அறிவர். மறுதலையாக, ஐரோப்பியத் தேவாலயங்களிலே முற்காலத்தில் ஊதப்பட்ட, பாம்புபோல் வளைந்த 'சேர்ப்பென்ற்' என்னும் கருவி மரத்தாற் செய்து தோல் போர்த்தது. உதட்டினால் ஊதப்படுதலின் அது இக்குடும்பத்ததே. நம் பூசையறையிலுள்ள சங்கும் அவ்வாறே. கடல் அதனை ஆக்கியது. ஆயினும் அது ட்றம்பெற்றின் உறவினன்.

குழாய் தரும் சுரங்கள்

மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் இறப்பர்க் குழாயில் ஏறக்குறைய 1.5 மீற்றர் நீளம் எடுத்துக்கொள்க. ஒரு முனையில் ஒரு புனலைப் பொருத்துக. மறுமுனையில் உதடுகளை இறுக வைத்து, அவை துடிக்குமாறு ஊதுக. முதலில் வருவது கேலிக்குரிய ஓசையாயிருக்கும். சிறிது பழகியபின் தெளிந்த ஒரு சுரம் எழும். உதடுகளை இன்னும் இறுக்கினால் சுரம் படிப்படியாக ஏறாது, ஒரு பாய்ச்சலிலே மேலொரு சுரத்துக்குத் தாவும். மேலும் இறுக்கினால் மீண்டும் தாவும். இடையிலுள்ள சுரங்களை எவ்வளவு முயன்றாலும் தெளிவாகப் பெற இயலாது.

இதன் காரணம் பௌதிகவியல் கற்போர் அறிந்ததே. குழாயினுள் உள்ள வளிநிரல் தனக்குரிய சில மீடிறன்களில் மட்டுமே பரிவுற்று ஒலிக்கும். உதடு எம்மீடிறனில் துடிக்க முயன்றாலும், வளிநிரல் அதனைத் தன் படிகளுள் ஒன்றுக்கு இழுத்துக்கொள்கிறது. ஊதுவாயும் மணிபோல் விரிந்த வாயும் சேர்ந்து இப்படிகளைத் திருத்தி, அடிப்படை மீடிறனின் 2, 3, 4, 5, 6 மடங்குகளுக்கு அண்மையிற் கொண்டுவருகின்றன. 1.48 மீற்றர் நீளமுள்ள ட்றம்பெற்றை எடுத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் எனின், அதனை நீளத்தின் இருமடங்கால் வகுக்கச் செக்கனுக்கு ஏறக்குறைய 115 அதிர்வுகள் வரும். ஏனைய படிகள் 230, 345, 460, 575, 690 என ஏறிச் செல்லும்.

இரண்டாம் படியை ஆதார சட்சமாகக் கொண்டால், மூன்றாம் படி பஞ்சமம். நான்காம் படி மேற்சட்சம். ஐந்தாம் படி மேல் அந்தர காந்தாரம். ஆறாம் படி மேற்பஞ்சமம். படைவீரர் ஊதும் பியூகிளின் அழைப்புகள் யாவும் பெரும்பாலும் இந்த ஐந்து சுரங்களால் ஆயவை. ரிஷபமும் மத்திமமும் தைவதமும் நிஷாதமும் அங்கில்லை. பியூகிள் மனிதரை எழுப்பும், அழைக்கும், அனுப்பிவைக்கும். ஓர் இராகத்தைப் பாட அதனால் ஆகாது.

கோயிற் கொம்பின் இயல்பும் இதுவே. கொம்பு, எக்காளம், திருச்சின்னம் என்பன யாவும் உதட்டினால் ஊதும் எளிய குழாய்கள். பிறைபோல் வளைந்தது கொம்பு; நேரே நீண்டது எக்காளம்; இரண்டு சிறு குழல்களை ஒருவரே ஒருங்கு வாயில் வைத்து ஊதுவது திருச்சின்னம். அரத்துறையிலே திருஞானசம்பந்தப் பிள்ளையார்க்கு இறைவன் முத்துச் சிவிகையோடும் குடையோடும் சின்னமும் அருளினார் என்று பெரியபுராணம் கூறும். மலைபடுகடாத்திலே கூத்தர் சுமந்துசெல்லும் கருவிகளுள்ளும் ஊதுகொம்பாகிய கோடு இடம் பெறுகிறது. கேரள நாட்டுப் பஞ்சவாத்தியத்தில் எஞ்சிய நான்கும் தட்டுங் கருவிகளாக, ஊதப்படுவது கொம்பு ஒன்றே. சுரங்கள் சிலவேயாயினும் தாள நுட்பத்தால் அது கேட்போரைப் பிணிக்கிறது. சுரம் குறைவு என்பது சிறுமையன்று; கருவியின் தொழில் வேறு என்பதே பொருள்.

இடைச்சுரங்களுக்கு வழி

குழாயின் நீளம் மாறினால் படிகள் யாவும் ஒருங்கே மாறும். ஆகவே ஊதிக்கொண்டிருக்கும்போதே நீளத்தை மாற்ற வழி கண்டால், விடுபட்ட சுரங்களைப் பெறலாம். இதற்கு இரண்டு வழிகள் கைக்கொள்ளப்பட்டன.

முதலாவது நழுவுகுழாய். ஒரு குழாயின்மேல் மற்றொரு குழாயை வழுக்கி நீட்டியும் குறுக்கியும் ஊதும் ட்றொம்போன், பதினைந்தாம் நூற்றாண்டு முதலே ஐரோப்பாவில் வழங்குகிறது. அதன் கை நிற்கும் நிலைகள் ஏழு. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சுரம் அரைச்சுரம் இறங்கும். இரு நிலைகளுக்கு இடையே எங்கும் நிற்கலாம் ஆதலின், கமகத்துக்கு இயல்பாக இடந்தரும் மேலைநாட்டுப் பித்தளைக் கருவி இது ஒன்றே எனலாம். ஆயின் நிலைகளைக் காட்டும் குறி எதுவும் குழாயில் இல்லை. வயலின் வாசிப்போனைப் போலச் செவியே துணையாகச் சுரத்தைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது வால்வு. செருமானியராகிய ஸ்ரோல்செல், புளூமெல் என்பார் 1818ஆம் ஆண்டிலே இதற்கு உரிமை பெற்றனர். விரலால் ஒரு வால்வை அமுக்கியவுடன், வளி ஒரு சிறு துணைக்குழாயையும் சுற்றிச் செல்லும், குழாய் நீளும், சுரம் தாழும். வழக்கமான மூன்று வால்வுகளுள் இரண்டாவது அரைச்சுரமும், முதலாவது ஒரு முழுச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் அமுக்க எட்டு வகை உண்டு. முதலிரண்டையும் கூட்டினால் மூன்றாவதற்கு ஏறக்குறைய ஒப்பாதலின், பயன்படும் நீளங்கள் ஏழாகும். ட்றொம்போனின் ஏழு நிலைகளும் வால்வின் ஏழு நீளங்களும் ஒன்றே என்பதை நோக்குக. கருவி வேறு, கணக்கு ஒன்று.

அக்கணக்கில் ஒரு சிறு பிழையும் உண்டு. மூன்று வால்வுகளின் துணைக்குழாய்களும் முறையே நூற்றுக்கு 12, 6, 19 பங்கு நீளத்தைக் கூட்டுவன. மூன்றையும் ஒருங்கு அமுக்கினால் கூடுவது 37 பங்கு. முழு மூன்று சுரம் தாழ வேண்டின் தேவைப்படுவதோ 41 பங்கு. எனவே சுரம் சற்று ஏறி ஒலிக்கும். ட்றம்பெற்றில் மூன்றாம் வால்வுக் குழாயை விரலால் நீட்டுவதற்கு வளையம் வைத்திருப்பதும், நல்ல யூபோனியங்களில் நாலாவது வால்வு இருப்பதும் இக்குறையை நீக்கவே. 'மூன்றையும் அமுக்கினால் மட்டும் சுருதி பிசகுகிறதே' என்று மாணவன் கூறினால், ஆசிரியர் அவனைக் கடிதல் வேண்டா. அவன் செவி நன்றாயிருக்கிறது என்று மகிழ்தல் வேண்டும்.

இரண்டு இணைகள்

நீளம் சுரத்தின் உயர்வு தாழ்வை நிறுவுகிறது என்று கண்டோம். நாதத்தின் தன்மையை நிறுவுவது பெரும்பாலும் குழாயின் வடிவமாகும். இதனை விளக்க இரண்டு இணைகளை எடுத்துக்காட்டுவோம்.

ட்றம்பெற்றும் கோர்னெற்றும் ஒரே நீளமுள்ளவை. கோர்னெற் மிகுதியும் சுருட்டப்பட்டிருத்தலின் குட்டையாகத் தோன்றுகிறது. பிரித்து நீட்டினால் இரண்டும் ஏறக்குறைய 1.5 மீற்றரே. வால்வுகளும் விரலமைப்பும் ஒன்றே. ஆயினும் ட்றம்பெற்றின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலமுள்ள உருளை. கோர்னெற்றின் குழாய் பெரும்பகுதி மெல்ல மெல்ல விரியும் கூம்பு. ட்றம்பெற்றின் ஊதுவாய் ஆழங்குறைந்த கிண்ணம், கோர்னெற்றினது ஆழ்ந்தது. முன்னையது வெட்டிப் பாயும் ஒலி; பின்னையது பாடும் ஒலி.

ட்றொம்போனும் யூபோனியமும் இரண்டாவது இணை. இரண்டும் ஏறக்குறைய 2.7 மீற்றர் நீளமுள்ளவை. ஆதலின் ஒரே சுரவரிசையில் நிற்பவை. ட்றொம்போன் உருளை, யூபோனியம் அகன்ற கூம்பு. மெதுவாக ஊதும்போது இவற்றின் நாதங்கள் அணுகி நிற்கும். உரத்து ஊதினாலோ, ட்றொம்போனின் ஒடுங்கிய நீண்ட உருளையினுள்ளே அமுக்க அலையின் முகப்பு செங்குத்தாகி, உயர்ந்த மேற்றொனிகள் பெருகி, ஒலி கூர்வாள்போல் மின்னும். விரிந்து செல்லும் கூம்பில் அலை அவ்வாறு கூர்மையுறுவதில்லை; ஆகவே யூபோனியம் எவ்வளவு உரத்து ஊதினும் கனிவு குன்றாது.

பித்தளையின் பங்கு இதில் மிகச் சிறிது. செம்பும் நாகமும் கலந்த அவ்வுலோகம் தகடாகவும் குழாயாகவும் எளிதில் வளைந்து கொடுக்கும், எளிதில் அரிபடாது. அதனைத் தேர்ந்தெடுத்தது கம்மியரின் வசதி நோக்கியே. இன்று பிளாஸ்ரிக்கினாலும் ட்றொம்போன்கள் செய்யப்படுகின்றன. அவையும் ட்றொம்போனாகவே ஒலிக்கின்றன.

எஞ்சியவற்றுள் இரண்டைச் சுருங்கச் சொல்வோம். பிரெஞ்சுக் கொம்பு எனப்படுவது ஏறக்குறைய 3.7 மீற்றர் நீளமுள்ள ஒடுங்கிய கூம்பு. வால்வுகளை இடக்கை இயக்க, வலக்கை மணிவாயினுள்ளே இருக்கும். குழாய் நீண்டிருந்தும் உயர்ந்த படிகளிலே ஊதப்படுதலின், படிகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருக்கும். உதடு சற்றுத் தவறினும் அடுத்த படியில் வீழ்ந்துவிடும். அதனை ஊதுவோனுக்குச் சுரத்தை ஊதுமுன்னரே மனத்திற் கேட்கும் செவி வேண்டும். டியூபா குழுவின் அடித்தளம்; பெரியது 5.5 மீற்றர் நீளமுடையது. அதற்கு வேண்டுவது வலியன்று, மிகுந்த மூச்சு. மேலே சொன்ன கோர்னெற்றும் யூபோனியமும் டியூபாவும் விரலமைப்பில் ஒன்றுபட்டவை. ஆகவே ஒன்றைக் கற்ற மாணவன் மற்றொன்றுக்கு மாறும்போது புதிதாகக் கற்கவேண்டுவது உதட்டின் பழக்கமும் மூச்சின் அளவுமே.

நம் ஊரும் நம் மாணவரும்

இவ்வளவும் அறிந்ததன் பயன் யாது? பழைய மாணவர் சங்கத்தினர் கல்லூரிக்குக் கருவிகள் வாங்கித்தர முன்வரும்போது, 'ஆறு ட்றம்பெற்' என்று ஒரே பெயரை எழுதாதிருத்தல் முதற்பயன். ட்றம்பெற் மட்டும் உள்ள குழு, உச்சத்தாயியில் மட்டும் பாடுவோர் கூடிய பாட்டுக்கச்சேரிக்கு ஒப்பாகும். சில கோர்னெற்றுகள், இரண்டு ட்றொம்போன்கள், ஒரு யூபோனியம், ஒரு டியூபா எனப் பகிர்ந்து வாங்கின், குறைந்த பணத்திலும் நிறைந்த நாதம் கிடைக்கும். மாணவர்க்குக் கருவியைக் கொடுக்குமுன், ஒவ்வொன்றையும் சில நாள் ஊதிப்பார்க்க விடுக. உதட்டின் பருமனைக் கண்டே முடிவு செய்தல் தவறு. எதனை ஊதும்போது அவன் முகம் மலர்கிறதோ அதனையே கொடுக்க. ஏழாம் நிலைக்குக் கை எட்டாத சிறுவனுக்கு ட்றொம்போன் சில ஆண்டு காத்திருக்கலாம்.

நம் ஊருக்கே உரிய குறிப்பொன்றும் உண்டு. மகாவலியின் பனி வீதியில் இறங்கியிருக்கும் காலை வேளையில், குளிர்ந்த கருவியைச் சுருதி கூட்டற்க. ஒலியின் வேகம் ஒரு பாகை வெப்பத்துக்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 0.6 மீற்றர் கூடும். ஊத ஊத மூச்சின் வெம்மையால் உள்வளி சூடேறிச் சுருதி உயரும். ஆகவே முதலில் ஊதிச் சூடேற்றிப் பின்னரே சுருதி சேர்க்க வேண்டும். அணிவகுப்பின் நடுவே கருவியினின்றும் நீரை வடிப்பதைக் கண்டு எச்சில் என்று முகஞ்சுளிப்பாரும் உளர். அதிற் பெரும்பகுதி மூச்சின் ஈரம் குளிர்ந்த குழாயில் ஒடுங்கிய நீரே.

நிற்க. இறுதியாக ஒன்று கூற விரும்புகின்றோம். புகைவண்டி 1874ஆம் ஆண்டிலே நாவலப்பிட்டிக்கு வந்தது. அதற்கு முன்னரே நம் பாட்டன்மார் இம்மலைகளிற் கால்பதித்துவிட்டனர். விடியுமுன்னர் அவர்களை லயங்களிலிருந்து எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தவை தப்பும் கொம்புமாகும். உறக்கத்தைக் கலைத்து வேலைக்கு விரட்டிய அவ்வொலியை அவர்கள் விரும்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் மாரியம்மன் திருவிழாவிலே அதே கொம்பு ஒலித்தபோது கைகூப்பி நின்றனர். ஒரே குழாய், ஒரே மூச்சு, ஊதுவித்தவர் வேறு.

இன்று நாம் அறிந்த தோட்டங்களிலே கொம்பு ஊத வல்லார் முதியவர் சிலரே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் கல்லூரிக் குழுவில் கோர்னெற்றும் ட்றம்பெற்றும் ஊதுகின்றனர். பாட்டனார் ஊதுவது நாட்டுப்புறத்து ஓசை, தாம் ஊதுவதே சங்கீதம் என்று அப்பிள்ளைகள் எண்ணுவராயின், அது நாம் கற்பித்த பாடத்தின் குறையே. வால்வுகளை அமுக்காது ஊதும்போது கோர்னெற்றும் ஒரு கொம்பே. உதடும் படிகளும் இரண்டுக்கும் பொது. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவன், பாட்டனாரிடம் அக்கொம்பை வாங்கி ஒருமுறை ஊதிப்பார்ப்பானாக. பஞ்சமமும் மேற்சட்சமும் தான் அறிந்த இடங்களிலேயே நிற்பதை அவன் உதடு உணரும். பின்னர்த் தன் கருவியை அவர் கையிற் கொடுப்பானாக. வால்வின் துணையின்றியே அவர் அதில் எழுப்பும் முதற்சுரம், தனக்கு வர ஓராண்டு சென்ற சுரத்தினும் தெளிந்ததாயிருத்தல் கூடும்.